ஓடாமல் கெடும் ஜெனரேட்டர்

அமெரிக்காவில் பழைய மோட்டார் ஹோம் ஒன்று விற்பனைக்கு வரும்போது, வண்டி ஓடிய மைல் கணக்குக்கு அடுத்தபடியாக விளம்பரத்தில் இடம்பெறுவது அதன் ஜெனரேட்டர் ஓடிய மணிக் கணக்கு. இருபது வருட வண்டியில் ஹவர் மீட்டர் 100 மணிக்கும் குறைவாகக் காட்டினால் அது பெரிய சிறப்பாகச் சொல்லப்படுகிறது. வாங்குபவரும் அதற்காகக் கூடுதல் விலை தரத் தயங்குவதில்லை. குறைவாக ஓடியது குறைவாகவே தேய்ந்திருக்கும், தேயாதது நன்றாக இருக்கும் என்பது இதற்கு அடிப்படையான நம்பிக்கை. சொந்தக்காரர்கள் பலர் ஜெனரேட்டரை வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பதும் இதே நம்பிக்கையில்தான். இந்த நம்பிக்கை தவறு. மோட்டார் ஹோம் ஜெனரேட்டரைப் பழுதாக்கும் காரணங்களில் பெரும்பாலானவை அது ஓடும்போது நேர்வதில்லை, நிற்கும்போது நேர்கின்றன.

மோட்டார் ஹோம் என்பது வீடும் வண்டியும் ஒன்றானது. மின் இணைப்பு உள்ள முகாமில் நிற்கும்போது வெளியிலிருந்து கேபிள் போட்டுக்கொள்ளலாம். இணைப்பு இல்லாத இடத்தில் கூரை மேல் உள்ள ஏ.சி., மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர் ஆகியவற்றுக்கு 120 வோல்ட் மின்சாரம் தருவது வண்டியின் அடிப்பகுதியில் தனிப் பெட்டிக்குள் பொருத்தப்பட்ட ஜெனரேட்டர்தான். அமெரிக்க வண்டிகளில் மிகப் பரவலாக இருப்பவை ஓனன் ஜெனரேட்டர்கள். 1920-களில் மினியாபொலிஸ் நகரில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் பின்னாளில் கம்மின்ஸ் வசமானது. நடுத்தர அளவுள்ள பெட்ரோல் வண்டிகளில் 4000 வாட் மைக்ரோகொயட், பெரிய வண்டிகளில் 5500, 7000 வாட் மாடல்கள், டீசல் எஞ்சின் பின்னால் உள்ள பெரிய பேருந்து வகை வண்டிகளில் கொயட் டீசல் வரிசை என்று இவை அமைகின்றன. பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பொதுவாக வண்டியின் டேங்கிலிருந்தே தனிக் குழாய் வழியாக எரிபொருளை இழுத்துக்கொள்கின்றன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக மாறாத வேகத்தில் ஓடுகின்றன.

மணிக் கணக்கு குறைவு என்றால் நல்லது என்ற எண்ணம் காரிலிருந்து வந்தது. காரின் மைல் கணக்கு தேய்மானத்தைக் காட்டுகிறது என்பது ஓரளவு உண்மை. ஏனெனில் கார் வாரந்தோறும் ஓடுகிறது. அதன் எரிபொருள் புதுப்பிக்கப்படுகிறது, ஆயில் சூடாகிறது, பேட்டரி சார்ஜ் ஆகிறது. மோட்டார் ஹோம் ஜெனரேட்டருக்கு இவற்றில் எதுவும் தானாக நடப்பதில்லை. மினசோட்டாவிலோ மிச்சிகனிலோ அக்டோபரில் மூடிவைக்கப்படும் வண்டி மறுபடி வெளியே வருவது ஏப்ரலில். அந்த ஆறு மாதத்தில் ஹவர் மீட்டர் ஒரு மணி கூட ஏறாது. ஆனால் பெட்ரோல் கெட்டுப்போகிறது, செம்பு கறுக்கிறது, ரப்பர் வெடிக்கிறது, எலி கூடு வைக்கிறது. இவை எல்லாம் நாட்காட்டியோடு சேர்ந்து நடப்பவை. மணிக் கணக்கில் பதிவாகாதவை. பராமரிப்பு அட்டவணைகளில் ‘150 மணி அல்லது ஓராண்டு, எது முன்னதோ’ என்று ஆயில் மாற்றக் கெடு இருப்பது இதனால்தான். முதல் பாதியை எல்லாரும் படிக்கிறார்கள். இரண்டாம் பாதியைப் படிப்பவர்கள் குறைவு.

முதலில் கெடுவது எரிபொருள் வழி. அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எரிபொருளில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. ஜெனரேட்டரை நிறுத்திய பின் கார்புரேட்டரின் கிண்ணத்தில் சிறிதளவு பெட்ரோல் தங்கிவிடுகிறது. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி சில வாரங்களில் போய்விடும். எஞ்சியது கெட்டியாகி, பழைய பெயிண்ட் வாடையோடு பழுப்பு நிறப் பிசினாக உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து அலுமினியத்தில் வெண்பொடியை உண்டாக்கும். ஜெட் எனப்படும் துளையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும்: நல்ல ஜெட்டில் வட்டமான ஒளிப்புள்ளி இருக்கும்; நின்றுபோன வண்டியின் ஜெட்டில் அந்த வட்டம் ஓரங்களில் மேடு கட்டி ஒடுங்கியிருக்கும், அல்லது ஒளியே வராது. கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கைச் சில மாதம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

அடைப்பு பாதியாக இருந்தால் எஞ்சின் நிற்பதில்லை. வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊசலாடும். லோடு இல்லாத நேரத்தில் இந்த ஊசலாட்டம் அதிகமாக இருக்கும். சோக்கைச் சற்றே மூடிப் பார்த்தால் எஞ்சின் சீராகிவிடும். காற்றைக் குறைத்ததும் சீராவது, பெட்ரோல் போதாமல் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். ஜெட் அடைத்திருக்கிறது என்று முடிவுக்கு வர இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும். சிறிய ஓனன் மாடல்களின் கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்வதைவிடப் புதிது போடுவதே வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆகும் செலவு, ஓட்டாமல் மிச்சம் பிடித்ததாக நினைத்த பல வருட பெட்ரோலின் விலைக்குச் சமமாகலாம். புதிய மாடல்கள் சிலவற்றில் கார்புரேட்டர் கிடையாது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உண்டு. அவற்றில் திறந்த கிண்ணம் இல்லாததால் சேதம் குறைவு. ஆனால் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் அவற்றுக்கும் பழைய பெட்ரோல்தான்.

எரிபொருள் குழாயில் மறைந்திருக்கும் ஒரு பழுதைப் பலர் தவறவிடுகிறார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸில் பம்ப் உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டால் பெட்ரோல் பெரும்பாலும் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கசிவு கண்ணில் படாததால் ஹோஸ் நன்றாக இருப்பதாகவே தோன்றும். எத்தனால் கலப்பு பரவலாவதற்கு முந்தைய வண்டிகளில் போட்ட ஹோஸ்கள் வயதாகும்போது உள்பக்கமாகவே நொறுங்குகின்றன. வெளியிலிருந்து தனியாக ஒரு கேனில் புதிய பெட்ரோல் வைத்து, குறுகிய புது ஹோஸ் மூலம் பம்புக்குக் கொடுத்துப் பார்ப்பது இதற்குச் சரியான சோதனை. அப்போது சீராக ஓடினால் குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் இடையில். அதற்கும் முன்னால் வண்டியின் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஜெனரேட்டருக்கான உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் கால் டேங்க் அளவோடு நிறுத்தப்பட்டிருக்கும். ஜெனரேட்டர் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டால் வண்டி காட்டில் நின்றுவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இது தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

மின்சாரப் பக்கத்திலும் கதை இதேதான். மைக்ரோகொயட் போன்ற பல ஓனன் மாடல்களில் சுழலும் காயிலுக்கு மின்சாரம் போவது கார்பன் பிரஷ்கள் வழியாக. அவை ஸ்லிப் ரிங் எனப்படும் செம்பு வளையங்கள் மேல் உரசிக்கொண்டிருக்கும். ஓடும் இயந்திரத்தில் அந்த உரசலே வளையத்தைப் பளபளப்பாக வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் ஈரக்காற்று பட்டு வளையம் கறுக்கிறது. பிரஷ் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் செவ்வகமாக ஒரு தடம் பதிந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் இந்த வழியாகத்தான் காயிலுக்குப் போய்க் காந்தப்புலத்தைத் தொடங்கிவைக்கிறது. கறுத்த வளையத்தில் அது கடக்காது. எஞ்சின் ஓடும், மின்சாரம் பிறக்காது. ஸ்டார்ட் சுவிட்சை விட்டதும் கன்ட்ரோல் போர்டு மின்சாரம் பிறந்திருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிடும். வெளியில் நிற்பவருக்கு இது எஞ்சின் கோளாறாகவே தெரியும்: ஸ்டார்ட் ஆகிறது, சில நொடியில் நின்றுவிடுகிறது. உடனே பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள், கார்புரேட்டரை மாற்றுவார்கள். மெல்லிய உப்புத்தாளால் வளையத்தைத் துடைத்தாலே பிழைத்துவிடும் ஜெனரேட்டருக்கு இரண்டு புதிய பாகங்கள் வாங்கியாகிவிடும்.

மணிக் கணக்கு நம்பிக்கையின் பெரிய கேடு இங்கேதான் வெளிப்படுகிறது. ‘இது 80 மணிதானே ஓடியிருக்கிறது, எதுவும் தேய்ந்திருக்காது’ என்று தொடங்குபவர் பிரஷ், வளையம், ஹோஸ், பேட்டரி முனை ஆகியவற்றைச் சந்தேகப்பட மாட்டார். மிச்சமிருப்பது கன்ட்ரோல் போர்டு ஒன்றே. ‘போர்டு போய்விட்டது’ என்பது மோட்டார் ஹோம் வட்டாரங்களில் மிக எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்பு. போர்டு பழுதாவது உண்டு; ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக வர வேண்டிய முடிவு அது. மைக்ரோகொயட் மாடலில் போர்டே தன் சந்தேகத்தைச் சொல்கிறது. ஸ்டார்ட் சுவிட்சில் உள்ள விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டினால் ஆயில் அழுத்தம் குறைவு. நான்கு முறை என்றால் அளவுக்கு மீறி கிராங்க் செய்தும் பிடிக்கவில்லை. மூன்று முறை என்றால் இன்னொரு எண் காத்திருக்கிறது. ஸ்டாப் பக்கம் அழுத்தினால் அது இரண்டு இலக்கமாக வரும். 36 வந்தால், யாரும் நிறுத்தச் சொல்லாமலே எஞ்சின் நின்றிருக்கிறது. பெட்ரோலையோ தீப்பொறியையோ பார்க்க வேண்டும். 27 வந்தால் போர்டுக்கு வோல்டேஜ் தெரியவில்லை. பிரஷ் பக்கம் போக வேண்டும். இந்த எண்களைப் படிக்காமல் போர்டை மாற்றுவது பணத்தை வீணாக்குவது.

எஞ்சின் சீராக ஓடியும் வண்டிக்குள் மின்சாரம் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஜெனரேட்டரின் மேலேயே உள்ள பிரேக்கர். அதை மறந்து உள்ளே இருக்கும் பிரேக்கர்களை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். அடுத்தது, வெளி இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். ஜெனரேட்டர் நிலைப்பட அவகாசம் தந்து அரை நிமிடம் வரை தாமதித்தே அது மாறும். கிராங்க் மந்தமாக இருந்தால் பேட்டரியின் முனைகளையும் சேஸிஸோடு சேரும் எர்த் கேபிளையும் சுரண்டித் துடைக்க வேண்டும். தெருச் சேறும் உப்பும் படும் இடத்தில் இருக்கும் அந்த எர்த் இணைப்பு, வண்டி நின்றிருக்கும் காலத்தில் துருவேறுகிறது.

முழுவதும் நிறுத்திவைப்பது தவறு என்று ஒப்புக்கொள்பவர்களிடமும் அரைகுறையான ஒரு பழக்கம் உண்டு. வாரம் ஒருமுறை பத்து நிமிடம், எந்த லோடும் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துவது. இயந்திரத்துக்கு இது இதமானது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது நிறுத்திவைப்பதற்கு அடுத்தபடியான கெடுதல். ஒரு கிலோ பெட்ரோல் எரியும்போது ஒரு கிலோவுக்கும் அதிகமான நீர் உண்டாகிறது. எரியும் ஹைட்ரஜனோடு காற்றின் ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். பத்து நிமிடத்தில் சைலன்சர் சூடேறி முடிவதில்லை. நீர் அதற்குள்ளேயே தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. பிஸ்டன் ஓரமாக ஆயிலுக்குள் இறங்கிய ஈரமும் பெட்ரோலும் வெளியேற வழியில்லாமல் ஆயிலைக் கெடுக்கின்றன. காயில்களின் இன்சுலேஷனில் ஏறிய ஈரத்தை உலர்த்துவது அந்தக் காயில்கள் வழியே பாயும் மின்சாரத்தின் சூடு. லோடு இல்லையென்றால் அந்தச் சூடும் மிகக் குறைவு.

டீசல் ஜெனரேட்டரில் இது இன்னும் மோசம். லோடு இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் தேவையான வெப்பத்தை எட்டுவதில்லை. முழுதாக எரியாத டீசல் கறுப்புப் பிசுக்காகப் புகைவழியில் படிகிறது. இன்ஜெக்டர் முனைகளில் கரி கட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு லோடுக்குக் கீழே நீண்ட நேரம் டீசல் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்த விதி.

ஓனன் கையேடுகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. அடிக்கடி பயன்படுத்தாத ஜெனரேட்டரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பாதி லோடில், இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். சிறு சிறு ஓட்டங்களைவிட ஒரே நீண்ட ஓட்டம் நல்லது. 4000 வாட் மாடலுக்குப் பாதி லோடு என்றால் 2000 வாட். கோடையில் கூரை ஏ.சி. ஒன்று ஏறத்தாழ 1500 வாட் எடுக்கும். பேட்டரி சார்ஜர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஏ.சி.யை இயக்க முடியாதபோது 1500 வாட் மின்ஹீட்டர் ஒன்று அந்த வேலையைச் செய்யும். ஸ்டார்ட் ஆன உடனே லோடு போடாமல் சில நிமிடம் சூடேற விட வேண்டும். நிறுத்தும் முன்பும் லோடை எடுத்துவிட்டுச் சில நிமிடம் ஓடி ஆறவிட வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது கட்டாயம்.

லோடு கணக்கில் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏற ஏற, ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறத்தாழ 3.5 சதவீதத் திறன் குறைகிறது. 7000 அடியை நெருங்கும் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் 4000 வாட் ஜெனரேட்டர் ஏறத்தாழ 3000 வாட்தான் தரும். அதே மாநிலத்தில் தாழ்ந்த பாலைவனமான குவார்ட்ஸ்சைட்டில் தடையின்றிச் சுமந்த லோடு, மலையேறியதும் இயந்திரத்தைத் திணறவைத்து நிறுத்திவிடும். சில மாடல்களின் கார்புரேட்டரில் உயரத்துக்கு ஏற்பத் திருப்பிவைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் தொடாமல் ‘ஜெனரேட்டர் தளர்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது சரியல்ல.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது, ஓட்டினால் தேயுமே என்பது. தேய்மானம் உண்மைதான், ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு மணி என்றால் வருடத்துக்கு 24 மணி, பத்து வருடத்தில் 240 மணி. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்ட இந்த எஞ்சின்கள் ஆயிரக்கணக்கான மணி ஓடக்கூடியவை. பத்து வருடப் பராமரிப்பு ஓட்டம் அந்த ஆயுளில் ஒரு சிறு பகுதியைத்தான் எடுக்கும். பெட்ரோல் செலவு என்பது இன்னொரு வாதம். பாதி லோடில் இந்த அளவு ஜெனரேட்டர் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் குடிக்கும். ஒரு வருடப் பராமரிப்பு ஓட்டத்துக்கு ஐம்பது லிட்டர் போதும். கூரையில் சோலார் பலகையும் உள்ளே லித்தியம் பேட்டரியும் இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உண்மையிலேயே தேவையில்லை என்றால் அதைக் கழற்றி விற்றுவிடலாம், எடையாவது குறையும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு ஓட்டாமல் விடுவதுதான் பயனற்றது. அவசரம் வரும் நாளில் அது ஓடாது.

கடுங்குளிரில் ஆறு மாதம் வண்டியை மூடிவைப்பவர்களுக்கு மாதாந்திர ஓட்டம் நடைமுறையில் முடியாமல் போகலாம். நீண்ட நிறுத்தம் தவறல்ல; ஆயத்தமில்லாத நிறுத்தமே தவறு. நான்கு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால், டேங்கில் புதிய பெட்ரோலோடு அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி லோடோடு சிறிது நேரம் ஓட்ட வேண்டும். பழைய ஆயிலில் அமிலம் இருக்கும். அதை அப்படியே விட்டு மூடாமல், சூடாக இருக்கும்போதே வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றிவிடுவது சுவரில் துரு ஏறாமல் காக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காற்று நுழையும் துளைகளுக்கும் புகைக்குழாய் வாய்க்கும் வலையோ மூடியோ போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் மறக்காமல் எடுக்க வேண்டும். எலி இன்சுலேஷன் பஞ்சைக் கிழித்துக் கூடு வைப்பதும், குளவி களிமண்ணால் துளைகளை அடைப்பதும் அங்கே சாதாரணம். காற்றால் குளிரும் எஞ்சினில் காற்றுவழி அடைபட்டால், முதல் நீண்ட ஓட்டத்திலேயே அளவுக்கு மீறிச் சூடாகும்.

பழைய வண்டி வாங்குபவர் ஹவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது என்பதில்லை. அதை வண்டியின் வயதோடு வகுத்துப் பார்க்க வேண்டும். இருபது வருடத்தில் 500 மணி என்றால் வருடத்துக்கு 25. ஒழுங்காகக் கவனித்தவர் கையில் இருந்திருக்கலாம். இருபது வருடத்தில் 60 மணி என்றால் வருடத்துக்கு மூன்று மணி. நீண்ட காலம் அது கிடந்திருக்கிறது. கிடந்ததற்கு விலையைக் குறைத்துக் கேட்க வேண்டுமே தவிர, கூட்டித் தரக் கூடாது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத ஜெனரேட்டரை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அதன் அளவுக்கேற்ற ஏ.சி.களைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக் பாயிண்டில் செருகும் சிறிய மீட்டர் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் காட்டும். வோல்டேஜ் 120-ஐ ஒட்டியும் ஹெர்ட்ஸ் 60-ஐ ஒட்டியும், லோடு ஏறும்போது சற்றே இறங்கி உடனே நிலைப்பட்டும் நின்றால் அது நல்ல ஜெனரேட்டர். மணிக் கணக்கு எதுவாயினும் சரி.

நெடுங்காலம் நின்ற ஜெனரேட்டரை முதலில் ஸ்டார்ட் செய்பவர்கள் பழுதை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளிருந்து துருவேறிய சைலன்சரும் விரிசல் விட்ட புகைக்குழாயும் கார்பன் மோனாக்சைடை வண்டியின் தரைக்கு அடியிலேயே விட்டுவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் வாடையும் கிடையாது. தூங்குபவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறம் அச்சிட்ட தேதியைப் பார்த்து, காலம் முடிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். புகைக்குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்காமல், ஜெனரேட்டர் ஓடும்போது யாரையும் வண்டிக்குள் படுக்க விடாதீர்கள்.